ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்

வக்கீல்கள் மத்தியில் அவளுக்கு நாலுவரி என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் கீழே ஜெராக்ஸ் கடையில், "மேல நாலுவரி இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுப் படியேறுவது அவள் காதில் விழாமல் இருக்காது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. எண்பது பக்கத் தீர்ப்பை நாலே வரியில் அடக்குவது எல்லாருக்கும் கைவரும் வேலையா என்ன?

மாதம் இருமுறை வரும் ஒரு சட்ட இதழில் அவளுக்கு வேலை. நீதிமன்றத்துக்கு எதிர்த் தெருவில் இரண்டாம் மாடி, மூன்று அறைகள். முன்னறையில் இதழ்களை உறையில் போட்டு அனுப்பும் நீள மேசை. நடு அறையில் அவள். உள்ளறையில் ஆசிரியர். அவர் ஒரு காலத்தில் நல்ல பேர் எடுத்த வக்கீல். காது மந்தமானதும் கோர்ட்டை விட்டுவிட்டு இதழ் தொடங்கினார். "எதிர்த்தரப்பு வக்கீல் பேசறது காதுல விழாம போனப்பதாம்மா எனக்கு வாழ்க்கையில நிம்மதியே வந்துச்சு" என்பார்.

புதிதாக வந்த சட்டம், திருத்தம், தீர்ப்பு எல்லாம் அவள் மேசைக்குத்தான் முதலில் வரும். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லி கைப்பேசியில் அனுப்பிய செய்தி முறையான அறிவிப்பாகுமா, சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பவர் தொழிலாளியா இல்லையா, பிரிந்துபோன தம்பதியின் பிள்ளையைப் பார்க்கத் தாத்தாவுக்கு உரிமை உண்டா என்று பக்கத்துக்குப் பக்கம் ஒரு குடும்பத்தின் சண்டை இருக்கும். அவள் எதையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பாள். என்ன முடிவானது என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும் என்பது அவள் கணக்கு. சிவப்புப் பென்சிலால் காரணத்தை அடிக்கோடிடுவாள், பச்சையால் சட்டப்பிரிவை. கோடு போடாத இடத்தில் இருக்கும் அழுகையும் ஆத்திரமும் இதழில் வராது.

சட்டம் படித்தவள்தான் அவளும். கறுப்பு அங்கியும் எட்டு மாதம் போட்டிருக்கிறாள். நீதிபதி நிமிர்ந்து, "ம், சொல்லுங்க" என்பார். அவ்வளவுதான், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் கண்ணாடி முன்னால் மடை திறந்தமாதிரி பேசியதெல்லாம் எங்கே போகுமோ தெரியாது. ஒரு நாள் ஒரு கிழவரின் வழக்கு, அவள் பேச்சு வராமல் நின்றதால் தள்ளிப் போனது. கிழவர் அவளைத் திட்டவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து, "பரவால்லம்மா, அடுத்த தடவை சொல்லுங்க" என்றார். மறுவாரம் அவள் கோர்ட்டுக்குப் போகவில்லை. அடுத்த மாதம் இந்த மாடிக்கு ஏறியவள்தான், இருபத்தோரு வருடம் ஓடிவிட்டது.

அவளுக்கு ஓர் அண்ணன். ஏழு வயது மூத்தவன். தண்ணீர் லாரி ஓட்டுகிறான். ஆள் வாட்டசாட்டம், குரல் மட்டும் மெல்லிசு. இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் மனைவியும் ஒரு மகளுமாக இருக்கிறான்.

அவன்மேல் ஒரு பழைய வழக்கு இருந்தது. இருபத்து மூன்று வயதில் அவன் ஒரு பஸ் கம்பெனிப் பணிமனையில் உதவியாளன். வேலைநிறுத்தம் நடந்தது. மூன்றாம் நாள் வாசலில் கூட்டம் நெருக்கியடித்தபோது யாரோ கல்லெறிந்து, உள்ளே நின்ற பஸ்ஸின் முன்கண்ணாடி உடைந்து, ஓட்டுநர் இருக்கையில் இருந்தவருக்கு நெற்றியில் காயம். ஐந்து பேரைப் பிடித்தார்கள். அதில் அண்ணனும் ஒருவன். நான்கு மாதத் தண்டனை பெற்று உள்ளே இருந்தான். வெளியே வந்தபோது பணிமனை வேலை போயிருந்தது. அதைவிட, அவன் பெயர் ஒரு பதிவேட்டில் ஏறியிருந்தது. அரசு பஸ், பள்ளிக்கூட வண்டி, மருத்துவமனை வண்டி, எங்கே ஓட்டுநராகக் கேட்டாலும் போலீஸ் நன்னடத்தைச் சான்று வேண்டும் என்பார்கள். அங்கே போனால் கை விரித்துவிடுவார்கள். மூன்று தடவை முயன்றான். நாலாம் தடவை யாராவது முயற்சி பண்ணச் சொன்னால், "விடுங்க, தண்ணி லாரி எங்கிட்ட சர்ட்டிபிகேட் கேக்கறதில்லை" என்று சிரித்துவிட்டுப் போவான்.

அவன் சிறையிலிருந்து வந்த வருடம் அவளுக்குப் பதினாறு வயது. "நான் வக்கீலுக்குப் படிச்சு உன் பேர்ல இருக்கறதை அழிச்சுக் காட்டறேன் பாரு" என்று சொன்னாள். அண்ணன் அதை நம்பினானோ இல்லையோ, நுழைவுத் தேர்வுக்கு அவளைச் சைக்கிளில் உட்கார வைத்து மிதித்துக்கொண்டு போனவன் அவன்தான்.

பதினாறு வயதில் சொன்னது பதினாறு வயதோடு நின்றது. அவளுக்குக் கல்யாணம் பேசியபோது, மாப்பிள்ளை வீட்டாரிடம் வழக்கைப் பற்றி வீட்டில் யாரும் மூச்சு விடவில்லை. "அந்த வருஷம் பையன் வெளியூர்ல வேலை பாத்தான்" என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் பக்கத்தில் நின்று தலையாட்டினான். கணக்கு வாத்தியாரான கணவருக்குப் பின்னால் விஷயம் தெரிந்து, அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஆனால் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. குற்றவியல் தீர்ப்புகளை அலசும் மேசையில், "எங்க அண்ணனுக்கும் ஒரு தண்டனை இருக்கு" என்று சொல்ல அவளுக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை.

அந்தத் திருத்தச் சட்டம் ஒரு வியாழக்கிழமை வந்தது. பழைய காவல் பதிவேடுகளை எல்லாம் கணினிக்கு மாற்றப் போகிறார்கள். அதற்கு முன்னால் சின்னக் குற்றங்களைக் கழித்துவிட ஒரு வாய்ப்பு. இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய குற்றம், ஓராண்டுக்குக் குறைந்த தண்டனை, பிறகு வேறு வழக்கு இல்லை என்றால், ஓராண்டுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்துப் பெயரை நீக்கிக்கொள்ளலாம். ஓராண்டு கழிந்தால் பதிவேடு மூடப்படும். அன்றைக்கு இதோடு இன்னும் பதினொரு விஷயங்கள் அவள் மேசையில் இருந்தன.

நாலு வரி எழுதினாள். மூன்றாவது வரியில் பென்சில் நின்றது. அண்ணன் முகம் வந்தது. மறந்துவிட்டேன் என்று பின்னால் அவளால் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடியாமல் போனது அதனால்தான். கைப்பேசியை எடுத்தாள். எண்ணைத் தேடுவதற்குள் உள்ளறையிலிருந்து ஆசிரியர், "அம்மா, அந்த வாடகைத் தீர்ப்புக்கு விமர்சனம் எழுதிட்டேன், ஒரு பார்வை பாத்துருங்க, பக்கம் அச்சுக்குப் போகணும்" என்றார். முன்னறையில் இரண்டு வக்கீல்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதுபட அண்ணனிடம் என்னவென்று பேசுவது? ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போனாள். அண்ணன் மகளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் அப்பா அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் கைகட்டி நின்றான். அந்தப் பேச்சை அங்கே எடுக்க முடியுமா? அடுத்த வாரம் போன் பண்ணினாள். அவன் முதுகுவலி பற்றிச் சொன்னான். பேச்சு அதிலேயே போய்விட்டது. அதற்கடுத்த மாதம், மகள் கல்யாணம் நடக்கட்டும், ஊர் அறியக் கோர்ட்டுக்கு ஏன் அலைய வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் கட்டிக்கொண்டாள். கல்யாணம் முடிந்தது. அதற்குள் இதழ்கள் பதின்மூன்று பதினான்கு வந்து போய்விட்டன. சொல்லக் கூடாது என்று அவள் ஒருநாளும் முடிவு செய்யவில்லை. சொல்லாமலே நாள் போயிற்று.

ஒரு பிற்பகல், மாடிப்படியில் கனத்த காலடிச் சத்தம் கேட்டது. அண்ணன். இருபத்தோரு வருடத்தில் அவன் அந்த மாடிக்கு வந்ததே இல்லை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தான். முகத்தில் அவள் வெகுகாலமாகப் பார்க்காத ஒரு வெளிச்சம்.

"பாப்பா, ஒரு விஷயம். என்கூட உள்ள இருந்தான்ல, அந்த நெட்டையன், ஞாபகம் இருக்கா? இப்ப ஸ்கூல் பஸ் ஓட்டறான்."

"அப்படியா?"

"பேரை எடுத்துட்டாங்களாம். ஏதோ புதுச் சட்டமாம். மனு போட்டான், ஜட்ஜம்மா ரெண்டே வாய்தால எடுத்துக் குடுத்துட்டாங்களாம். நம்ம பக்கத்து ஸ்கூல்ல வண்டி ரிப்பேர் பாத்துக் குடுப்பேன்ல, அங்க டிரைவர் ரிட்டையர் ஆகறாரு. என்னையே வரச் சொல்றாங்க. சான்று மட்டும் வேணுமாம். உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படியாச்சே, எப்படிப் போடறதுன்னு சொல்லு."

 மனதுக்குள் மாதங்களை எண்ணினாள். எண்ணாமலே விடை தெரிந்தது.

"அண்ணா, அதுக்கு ஒரு வருஷம்தான் டைம் குடுத்திருந்தாங்க."

"சரி?"

"முடிஞ்சு போச்சு. நாலு மாசம் ஆச்சு."

அவன் கொஞ்ச நேரம் அவள் மேசையிலிருந்த சிவப்புப் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ரொம்ப மெல்ல, "உனக்குத் தெரியுமா பாப்பா, இந்தச் சட்டம் வந்தது?" என்று கேட்டான்.

கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் அவளுக்குக் கிடைத்திருக்கப் போவதில்லை.

"ஆயிரம் சட்டம் வருது அண்ணா. இது என் கண்ணுல படலை."

"அதுவும் சரிதான். நீ ஒருத்தி எத்தனையைத்தான் பாப்பே" என்று அவனே அவளுக்குச் சமாதானம் சொன்னான்.

அவள் சும்மா இருந்துவிடவில்லை. அன்று மாலையே, கூடப் படித்த தோழி ஒருத்தியைப் போய்ப் பார்த்தாள். அவள் குற்றவியல் வழக்குகளில் கெட்டிக்காரி. காலதாமதத்தை மன்னித்து மனுவை ஏற்கும்படி ஒரு விண்ணப்பம் தயாரானது. தோழி தட்டச்சு செய்துகொண்டே, "அண்ணனுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதுன்னு எழுதறேன். அது உண்மைதானே?" என்றாள்.

"உண்மைதான்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அதை விடேன்."

தோழி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மனுவில் தங்கை என்ற சொல்லே வராதபடி பார்த்துக்கொண்டாள்.

விசாரணை நாளில் அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அண்ணன் முன்வரிசைக்குப் பின்னால், கல்யாணத்துக்குப் போட்ட அதே சட்டையில். தோழி நன்றாகத்தான் வாதாடினாள். படிப்பறிவு குறைந்த மனிதர், பகலெல்லாம் லாரியில் இருப்பவர், இப்படி ஒரு சட்டம் வந்தது வக்கீல்களுக்குத் தவிர யாருக்குத் தெரியும் என்று கேட்டாள். அரசு வக்கீல் எழுந்தார். சாதுவான மனிதர், இதழின் பழைய சந்தாதாரர். அவருக்கு யார்மீதும் பகையில்லை. கையிலிருந்த மெல்லிய புத்தகத்தை உயர்த்தி, "சட்டம் வந்த அந்த வாரமே இதழ்ல வெளியாயிருக்குங்க. இதோ, ரொம்பத் தெளிவா" என்றார்.

மஞ்சள் அட்டை. நீதிபதி அதை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாய்விட்டுப் படித்தார். நாலு வரி. 'ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் வாய்ப்பில்லை' என்று முடிந்தது.

அண்ணனின் முதுகு மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. அந்த மஞ்சள் அட்டையை அவனுக்குத் தெரியும். அவள் வீட்டு அலமாரியில் வரிசையாக அடுக்கியிருப்பதை வரும்போதெல்லாம் பார்ப்பான். "இதெல்லாம் என் தங்கச்சி எழுதறது" என்று மருமகனிடம் காட்டியிருக்கிறான்.

நீதிபதி அவனைப் பார்த்துக் கேட்டார். "இந்த இதழ் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றான் அண்ணன்.

"உங்க வீட்ல, சொந்தத்துல, யாராவது சட்டம் படிச்சவங்க?"

"யாரும் இல்லீங்க."

ஒரு கணமும் தயங்காமல் சொன்னான். அவளுக்கு எழுந்து நின்று பேச வேண்டும் போலிருந்தது. எழவும் எழுந்தாள். பழைய நாக்கு, பழைய இடத்திலேயே ஒட்டிக்கொண்டது. டவாலி, "உக்காருங்கம்மா" என்று கைகாட்டினார். உட்கார்ந்தாள்.

நீதிபதி கடுமையானவர் அல்ல. அந்த இதழ் வந்திருந்தாலும் வராவிட்டாலும் முடிவு மாறாது என்றே சொன்னார். தாமதத்தை மன்னிக்க இந்தச் சட்டம் நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கவில்லை. மனுதாரர் மீது அனுதாபம் உண்டு, ஆனால் கை கட்டப்பட்டிருக்கிறது. மனு தள்ளுபடி.

வெளியே வந்ததும் அண்ணன் தோழிக்குக் கும்பிடு போட்டான். தங்கையிடம், "பஸ் வந்துரும், நான் கெளம்பறேன்" என்றான். 

பத்து நாள் கழித்து அந்த உத்தரவின் நகல் மற்ற தீர்ப்புகளோடு சேர்ந்து அவள் மேசைக்கே வந்தது. காலக்கெடு பற்றி வந்த முதல் உத்தரவு, இதழில் போட்டே ஆகவேண்டும். அவள் அதை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

"சார், இதை மட்டும் நீங்க எழுதுங்க."

"ஏம்மா? சின்ன உத்தரவுதானே?"

"இது எங்க அண்ணன், சார்." பிறகு காது மந்தமானவருக்குக் கேட்கும்படி, இன்னும் உரக்க, முன்னறை வரை போகும்படி சொன்னாள். "மனுதாரர் எங்க சொந்த அண்ணன். சட்டம் வந்தது எனக்கு மொத நாளே தெரியும். நான் சொல்லலை."

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சமாதானம் சொல்லத் தெரியாத மனிதர். "குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். அடுத்த இதழில் இரண்டு பக்கத்துக்கு ஒரு விமர்சனம் எழுதினார்: இப்படிப்பட்ட சட்டத்தில் தாமதத்தை மன்னிக்க வழி வைத்திருக்க வேண்டும், யாருக்காகச் சட்டம் போட்டார்களோ அவர்கள் காதுக்கு அது போய்ச்சேர ஏற்பாடும் செய்திருக்க வேண்டும் என்று. அவர் எழுதியதிலேயே நல்ல விமர்சனம் அதுதான் என்று வக்கீல்கள் சொன்னார்கள். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

ஆசிரியரிடம் சொன்ன அந்த வார ஞாயிற்றுக்கிழமையே அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் முற்றத்தில் ஒரு பழைய டயரைப் புரட்டிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் கதவோரம் நின்றாள்.

"அண்ணா, கண்ணுல படலைன்னு சொன்னது பொய்."

"தெரியும்."

"எழுதறப்பவே உன் ஞாபகம் வந்துச்சு. ஆபீஸ்ல ஆள் இருந்தாங்க. அவங்க முன்னாடி உன்கூட அதைப் பேச எனக்கு..."

"வெக்கமா இருந்துச்சு."

அவள் இல்லை என்று சொல்லவில்லை.

"மறந்துட்டேன்னு சொல்லியிருக்கலாம் நீ" என்றான் அவன். "மறதி யாருக்குத்தான் இல்லை. நானே அப்படி நெனச்சுக்கிட்டுத்தான் அங்கேருந்து பஸ் ஏறினேன்."

"உங்கிட்ட இன்னொரு பொய் சொல்ல முடியலை அண்ணா."

அவன் டயரைச் சுவரோடு சாய்த்து வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டே, அவளைப் பார்க்காமல் பேசினான். "கல்லை நான் எறிஞ்சேனா இல்லையான்னு வக்கீல் கேட்டாரு. போலீஸ் கேட்டாங்க. ஜட்ஜ் கேட்டாரு. அந்த நெட்டையன்கூடக் கேட்டிருக்கான். முப்பது வருஷத்துல நீ ஒரு தடவை கேக்கலை பாப்பா."

அண்ணி, "பழசை எதுக்குக் கிளறணும், டீ ஆறுது" என்றாள்.

"எறிஞ்சியா அண்ணா?"

"இப்ப எதுக்கு?" என்றான். கோபமே இல்லாத குரல். டீயைக் குடித்தான். டம்ளரை அண்ணி கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

பள்ளிக்கூடம் வேறொரு ஓட்டுநரை எடுத்துக்கொண்டது. அண்ணன் இன்னும் தண்ணீர் லாரியில்தான் போகிறான். இறங்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறான் என்று அண்ணி சொல்வாள். அவர்கள் பேச்சை முறித்துக்கொள்ளவில்லை. நல்லது கெட்டதுக்குப் போகிறார்கள், வருகிறார்கள். கணவருக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது ஆஸ்பத்திரியில் நான்கு நாள் அண்ணன்தான் கூட இருந்தான். சண்டை போட்டிருந்தால் சமாதானத்துக்குப் போயிருப்பாள். அவனோ சண்டைக்கே வரவில்லை.

நாலுவரி இப்போதும் அந்த மேசையில்தான் இருக்கிறாள். காலக்கெடு உள்ள எந்தச் சட்டம் வந்தாலும், இதில் நமக்குத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கிறாள். இரண்டு பேருக்குச் சொல்லியும் இருக்கிறாள், கீழே ஜெராக்ஸ் கடைக்காரரின் அக்காவுக்கும், வீட்டுப் பக்கத்துத் தையல்காரருக்கும். அவர்கள் வந்து நன்றி சொல்லும்போது அவளுக்குச் சந்தோஷம் வருவதில்லை.

போன மாதம் அண்ணனின் பேத்தியைப் பார்க்கப் போனாள். கதவைத் திறந்தது அவன்தான். முன்பெல்லாம், "என்ன பாப்பா, இவ்வளவு லேட்டு" என்று வாசலிலேயே அதட்டுவான். இந்த ஒரு வருடமாக அது மாறிவிட்டது. எப்போதிலிருந்து என்று அவளால் தேதி சொல்ல முடியவில்லை.

"வாங்க" என்றான் அண்ணன். "உள்ள வாங்க. குழந்தை இப்பத்தான் தூங்குச்சு, மெதுவா வாங்க."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் வராமல் உள்ளே போனாள்.